தாவர உணவு மட்டும் சாப்பிடும் குழந்தைக்குக் கொலஸ்ட்ரால் 480, லேப் தவறா?

பிப்ரவரி 4, காலை. கேள்வி

என் தங்கை மகனுக்கு ஒன்றரை வயது. முழங்கைக்குப் பின்னாலும் பிட்டத்திலும் மஞ்சளாகச் சின்னச் சின்னத் தடிப்புகள் வந்தன. தோல் மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். மொத்தக் கொலஸ்ட்ரால் 480. வேறொரு இடத்தில் திரும்ப எடுத்தோம், 472. வீட்டில் மாமிசம், முட்டை எதுவும் கிடையாது. குழந்தைக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். தாவர உணவில் கொலஸ்ட்ராலே இல்லை என்றுதான் எங்கும் படிக்கிறோம். அப்புறம் இந்த 480 எங்கிருந்து வந்தது? பரம்பரைக் கொலஸ்ட்ரால் என்று சொல்லி, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்து பற்றிப் பேசுகிறார்கள். தங்கைக்கு 168, அவள் கணவருக்கு 181. பரிசோதனை முறையிலேயே கோளாறு இருக்குமா?

பிப்ரவரி 4, இரவு

இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே எண் வந்திருக்கிறது. லேபைச் சந்தேகப்பட வேண்டாம். பெற்றோரின் எண்களைத்தான் பார்க்க வேண்டும்.

பரம்பரைக் கொலஸ்ட்ரால் என்று பொதுவாகச் சொல்வது எல்டிஎல் ஏற்பி மரபணுவில் வரும் கோளாறு. எல்டிஎல் என்பது ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள், ஏற்பி அதைப் பிடித்து செல்லுக்குள் எடுக்கும் புரதம். அதில் ஒரு பிரதி கெட்டாலே கொலஸ்ட்ரால் ஏறிவிடும். அதனால் குழந்தைக்கு இருந்தால் அம்மா அப்பாவில் ஒருவருக்காவது உயர்ந்திருக்கும். 480 அளவுக்குப் போய், இந்த வயதிலேயே தோலில் கொழுப்புத் தடிப்பும் வந்திருந்தால் இருவருக்குமே உயர்ந்திருப்பதுதான் வழக்கம். இங்கே 168, 181. கதை பொருந்தவில்லை.

பெற்றோர் இருவரும் இயல்பு, குழந்தைக்கு மட்டும் இப்படி என்றால் இரண்டு பிரதியும் கெட்டால்தான் வெளிப்படும் நோய் என்று அர்த்தம். அப்படி முக்கியமாக இரண்டு உண்டு. ஒன்று எல்டிஎல்ஆர்ஏபி1 மரபணுக் கோளாறு. இன்னொன்று சிட்டோஸ்டெரோலீமியா, தாவர ஸ்டெரால் என்ற, கொலஸ்ட்ராலைப் போன்ற தாவரப் பொருள் உடம்பில் குவியும் நோய். இரண்டாவதற்காக ரத்தத்தில் தாவர ஸ்டெரால் அளக்கச் சொல்லுங்கள். சாதாரண லிப்பிட் பரிசோதனையில் அது தெரியாது. ஸ்டேட்டின் முடிவு அந்த ரிசல்ட் வரும்வரை காத்திருக்கலாமா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

பிப்ரவரி 5

“ஏன் தெரியாது?” என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி.

லேபில் கொலஸ்ட்ராலை அளக்கும் வழக்கமான முறை நொதி முறை. முதல் நொதி கொலஸ்ட்ராலோடு ஒட்டியிருக்கும் கொழுப்பு அமிலத்தைப் பிரிக்கும். அடுத்தது கொலஸ்ட்ரால் ஆக்ஸிடேஸ். அது வளையத்தில் மூன்றாம் இடத்திலுள்ள ஹைட்ராக்ஸில் மேல் வேலை செய்து ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்கும். அந்தப் பெராக்ஸைடு ஒரு சாயத்தை நிறம் மாற்றும், கருவி அந்த நிறத்தை அளக்கும். தாவர ஸ்டெரால்களில் ஒன்றான சிட்டோஸ்டெராலுக்கும் அதே வளையம், அதே ஹைட்ராக்ஸில். வித்தியாசம் வாலில் மட்டும்: 24ஆம் கார்பனில் ஓர் எத்தில் கூடுதல். இன்னொரு தாவர ஸ்டெராலான கேம்பெஸ்டெராலுக்கு அங்கே மெத்தில். நொதி வாலைப் பார்ப்பதே இல்லை. எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுத்துவிடும், ரிப்போர்ட்டில் அதற்குப் பெயர் கொலஸ்ட்ரால்.

பிப்ரவரி 5, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதை வைத்து “அப்படியானால் 480 முழுக்கத் தாவர ஸ்டெரால்தானா” என்று இரண்டு பேர் முடிவுக்குப் போய்விட்டார்கள். இல்லை. நோயுள்ளவர்களிடம்கூடச் சிட்டோஸ்டெரால் பொதுவாகப் பத்திலிருந்து அறுபது சொச்சம் மில்லிகிராம் வரைதான், ஒரு டெசிலிட்டருக்கு. மற்றவர்களுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆக 480இல் பெரும்பகுதி உண்மையான கொலஸ்ட்ரால்தான். தாவர ஸ்டெரால் நோயை அடையாளம் காட்டுகிறது, எண்ணை ஏற்றுவது வேறு.

ஏற்றுவது எது என்பதுதான் கேள்வி. கேட்டவரிடம் ஒன்று தெரிய வேண்டும்: குழந்தை இன்னும் தாய்ப்பால் குடிக்கிறானா?

பிப்ரவரி 6

குடிக்கிறானாம், இரவும் பகலும். அப்படியானால் “தாவர உணவு மட்டும்” என்ற தலைப்பு அவனுக்குப் பொருந்தாது. தாய்ப்பாலில் கொலஸ்ட்ரால் தாராளமாக உண்டு. அது குழந்தைக்கு வேண்டியதும்கூட. இந்த நோயுள்ள குழந்தைகளிடம் பால்குடிப் பருவத்தில் கொலஸ்ட்ரால் 500, 600, அதற்கு மேலும் போய், பால் மறந்த பிறகு வேறெந்த மருந்தும் இல்லாமல் மளமளவென்று இறங்கிய கதைகள் மருத்துவ இதழ்களில் நிறைய உண்டு. எல்டிஎல் ஏற்பி கெட்ட குழந்தைக்கு உணவை மாற்றினால் எண் அப்படிச் சரியாது. இந்த ஒரு வித்தியாசமே பெரிய துப்பு.

தங்கையிடம் பயமுறுத்துகிற மாதிரி இதைச் சொல்லிவிடாதீர்கள். தாய்ப்பால் தவறு என்று நான் சொல்லவில்லை. பால் எப்போது நிறுத்துவது, எதைக் கொடுப்பது என்பதை ரிசல்ட் வந்தபின் குழந்தை மருத்துவரும் உணவு நிபுணரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

பிப்ரவரி 8

இப்போது மரபணுவுக்கு வருகிறேன். நீளமாகத்தான் போகும், ஏனென்றால் விஷயமே இங்கேதான் இருக்கிறது.

நம் உடம்பால் கொலஸ்ட்ராலைத் தயாரிக்க முடியும். ஆனால் அதன் வளையத்தை உடைக்க முடியாது. சர்க்கரையை எரிக்கிறோம், கொழுப்பை எரிக்கிறோம், இதை எரிக்க வழியில்லை. முழுசாகவோ, பித்த அமிலமாக மாற்றியோ கல்லீரல் வழியே பித்தநீரில் கொட்டி மலத்தில் அனுப்புவதுதான் முக்கிய வழி. ஒரு நாளைக்குப் பித்தநீர் குடலில் கொட்டும் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய ஒரு கிராம். மாமிசம் சாப்பிடுபவரின் உணவிலிருந்து வருவதுகூட அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். ஆகவே ஒருவர் தாவர உணவே சாப்பிட்டாலும் அவர் குடலுக்குள் கொலஸ்ட்ரால் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, அவருடையதே. அதில் எவ்வளவு திரும்ப உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்பதை முடிவு செய்வது குடல் சுவரும் கல்லீரலும்.

குடல் செல்லின் மேற்பரப்பில் இரண்டு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்வாசல் என்பிசி1எல்1 என்ற புரதம். அது ஸ்டெராலை உள்ளே இழுக்கும். கொலஸ்ட்ராலா தாவர ஸ்டெராலா என்று பெரிதாகப் பிரித்துப் பார்க்காது. உள்ளே வந்த கொலஸ்ட்ராலை ஏசிஏடி2 என்ற நொதி கொழுப்பு அமிலத்தோடு சேர்த்துக் கட்டிவிடும். கட்டியது கைலோமைக்ரான் துகளில் ஏறி ரத்தத்துக்குப் போகும். தாவர ஸ்டெராலைக் கட்டுவதில் அந்த நொதிக்கு அவ்வளவு நாட்டமில்லை. கட்டப்படாமல் தனியாக நிற்பதை வெளிவாசல் பிடித்துக் குடலுக்குள்ளேயே திருப்பித் தள்ளிவிடும். அந்த வெளிவாசல்தான் ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்ற இரண்டு மரபணுக்களின் புரதம்.

விளைவு: குடலில் இருக்கும் கொலஸ்ட்ராலில் ஏறக்குறையப் பாதி உடம்புக்குள் போகிறது, சிட்டோஸ்டெராலில் 5 சதவீதத்துக்கும் குறைவு. நாம் அன்றாடம் சாப்பிடும் தாவர ஸ்டெராலின் அளவு கொலஸ்ட்ராலின் அளவுக்கு ஏறக்குறையச் சமம். அப்படியிருந்தும் ரத்தத்தில் ஒன்று நூற்றுக்கணக்கில், மற்றொன்று ஒன்றுக்கும் கீழே.

கல்லீரலிலும் அதே ஜோடி இருக்கிறது, பித்தநீர்க் கால்வாயைப் பார்த்த பக்கத்தில். குடலைத் தாண்டி வந்துவிட்டதை அங்கே பிடித்துப் பித்தநீரில் தள்ளும். அங்கே அது தள்ளுவதில் பெரும்பகுதி கொலஸ்ட்ரால். இந்த ஜோடி கெட்டால் நான் மேலே கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது: குடலில் தடுப்பு இல்லை, கல்லீரலில் வெளியேற்றம் இல்லை, இரண்டு பக்கமும் சேர்ந்து எண் ஏறுகிறது.

பிப்ரவரி 8, இரவு

“ஒரு வேலைக்கு இரண்டு மரபணு ஏன்?”

ஒவ்வொன்றும் பாதிப் புரதம்தான் செய்கிறது. இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் முழுக் கடத்தி, அதாவது ஸ்டெராலை வெளியே கடத்தும் புரதம். சேராத பாதி செல்லுக்குள் தயாரான இடத்திலேயே தங்கிவிடும், மேற்பரப்புக்கு வராது. இரண்டு மரபணுவும் 2ஆம் குரோமோசோமில் முதுகோடு முதுகாக, எதிர்த்திசை பார்த்து, 400 எழுத்துக்கும் குறைவான இடைவெளியில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் குறுகிய இடைவெளியிலிருந்தே இரண்டும் சேர்ந்து கட்டுப்படுத்தப்படுகின்றன. அதனால் ஏபிசிஜி5 இரண்டு பிரதியும் கெட்டாலும் இதே நோய், ஏபிசிஜி8 இரண்டு பிரதியும் கெட்டாலும் இதே நோய். கிழக்காசிய நோயாளிகளிடம் அதிகம் தென்படுவது முதலாவது, ஐரோப்பிய வம்சாவளியினரிடம் இரண்டாவது.

1974இல் பட்டாச்சார்யா, கானர் என்ற இருவர் இரண்டு சகோதரிகளைப் பற்றி முதன்முதலில் எழுதினார்கள். தசைநாண்களில் கொழுப்புக் கட்டி, ஆனால் கொலஸ்ட்ரால் இயல்பு. ரத்தத்தில் மட்டும் தாவர ஸ்டெரால் குவிந்திருந்தது. காரணமான மரபணு பிடிபட 2000 ஆனது. டாலஸில் ஹெலன் ஹாப்ஸ் குழுவினர் அதை வெளியிட்டார்கள். புரதத்தின் முப்பரிமாண அமைப்பு 2016இல் வந்தது. அந்தச் சகோதரிகளின் “இயல்பான கொலஸ்ட்ரால்” என்ற வரியை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். எண் உயராமலும் இந்த நோய் இருக்கலாம்.

பிப்ரவரி 11

நான் வேலை பார்ப்பது ஸ்டெரால் அளக்கும் ஒரு பரிசோதனைக்கூடத்தில். இதை எப்படி அளக்கிறோம் என்று தனிச்செய்தியில் கேட்டவருக்காக.

கொஞ்சம் பிளாஸ்மா எடுத்து, அளவு தெரிந்த ஓர் ஒப்பீட்டு ஸ்டெராலைச் சேர்ப்போம். பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கலந்த ஆல்கஹாலில் சூடாக்குவோம். கட்டிய கொழுப்பு அமிலமெல்லாம் கழன்றுவிடும். பிறகு ஹெக்சேன் ஊற்றிக் குலுக்கினால் ஸ்டெரால்கள் மேலடுக்குக்கு ஏறும். அதை மட்டும் உறிஞ்சி எடுத்து, நைட்ரஜன் ஊதி உலர்த்த வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. ஈரம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அடுத்த படியில் சேர்க்கும் சிலைல் மருந்து வீணாகும், ஸ்டெரால் பாதி மாறியும் பாதி மாறாமலும் போய் உச்சிகள் பிளந்து வரும். அப்புறம் வாயு நிறப்பகுப்புக் கருவியில் ஏற்றுவோம்.

திரையில் முதலில் கொலஸ்ட்ரால், கோபுரம் மாதிரி உயர்ந்து இறங்கும். பிறகு கேம்பெஸ்டெரால், ஸ்டிக்மாஸ்டெரால், கடைசியில் சிட்டோஸ்டெரால். வழக்கமான மாதிரிகளில் இந்த மூன்றும் தரையோடு தரையாக இருக்கும், அளவுகோலைப் பெரிதாக்கினால்தான் கண்ணுக்குப் படும். ஒரு மாதிரியில் பெரிதாக்காமலேயே சிட்டோஸ்டெரால் நிமிர்ந்து நின்றது. முந்தைய மாதிரியின் மிச்சம் ஒட்டிக்கொண்டதோ என்று வெறும் கரைப்பானை ஓட்டிப் பார்த்தோம், சுத்தம். மாதிரியைத் திரும்ப முதலிலிருந்து செய்தோம், அதே உயரம். அனுப்பிய சீட்டில் நோய் விவரம் என்ற இடத்தில் கொலஸ்ட்ரால் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) குறைவு, மண்ணீரல் வீக்கம் என்று எழுதியிருந்தது.

அதற்கு அடுத்த குறிப்பில் வருகிறேன், அது தனியாகச் சொல்ல வேண்டியது.

பிப்ரவரி 12

தாவர ஸ்டெரால் ரத்த அணுக்களின் சவ்வுக்குள்ளும் புகுந்துவிடும். கொலஸ்ட்ரால் இருக்க வேண்டிய இடத்தில் அது உட்காரும்போது சவ்வின் தன்மை மாறுகிறது. நேற்றுச் சொன்ன நோயாளியின் ரத்தப் பூச்சை, அதாவது கண்ணாடித் தகட்டில் பூசிய ரத்தத்தை, பின்னர் நுண்ணோக்கியில் பார்க்கக் கிடைத்தது. சிவப்பணுக்களின் நடுவில் வட்டமாக வெளுப்பு இருக்க வேண்டும். இதில் பல அணுக்களில் அந்த வெளுப்பு ஒடுங்கி, திறந்த வாயின் பிளவு மாதிரி கோடாக இருந்தது. தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் மிகப் பெரியது. சில சிவப்பணு அளவுக்கே இருந்தன. தானியங்கிக் கருவி அளவை வைத்துத்தான் பிரிக்கிறது. இவ்வளவு பெரிய தட்டணுவைச் சிவப்பணு என்று எண்ணிவிடும். அதனால் ஏற்கெனவே குறைவான தட்டணு இன்னும் குறைவாகப் பதிவாகும்.

இந்தப் படத்தைத் தனி ரத்தநோய் என்று நினைத்து மத்தியதரைக்கடல் பகுதியின் பெயரால் அழைத்து வந்தார்கள். அது சிட்டோஸ்டெரோலீமியாவேதான் என்று 2005இல் காட்டினார்கள். அதற்கு முன்பும் பின்பும் உலகம் முழுக்க எத்தனையோ பேருக்கு நோயெதிர்ப்பால் வரும் தட்டணுக் குறைபாடு என்று முத்திரை குத்தி, வருடக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்து, மண்ணீரலையும் எடுத்திருக்கிறார்கள். நான் சொன்ன நோயாளிக்கும் ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தது. ரத்தப் பூச்சை ஒருவர் கண்ணால் நிதானமாகப் பார்த்திருந்தால் அவ்வளவு நாள் ஆகியிருக்காது. எனக்கு இதில் இன்றும் ஆற்றாமை உண்டு.

கேட்டவருக்கு: குழந்தையின் முழு ரத்த எண்ணிக்கையில் தட்டணு எவ்வளவு என்று பாருங்கள். எண் இயல்பாக இருந்தாலும் பூச்சைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 13

தட்டணு 1,38,000. கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இதை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் துப்புகள் ஒரே திசையில் சேர்கின்றன.

பிப்ரவரி 15

“தாவர ஸ்டெரால் சேர்த்த மார்ஜரின் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று விற்கிறார்களே, நீங்கள் அதையே விஷம் மாதிரி சொல்கிறீர்கள்?”

இரண்டும் உண்மை. ஆளைப் பொறுத்தது. வெளிவாசல் சரியாக வேலை செய்பவருக்குத் தாவர ஸ்டெரால் குடலுக்குள் கொலஸ்ட்ராலோடு இடத்துக்குப் போட்டிபோடும்; கொலஸ்ட்ரால் உள்ளே போவது குறையும்; தாவர ஸ்டெரால் தானும் வெளியேற்றப்பட்டுவிடும். நாளொன்றுக்கு 2 கிராம் அளவில் எல்டிஎல் 10 சதவீதத்தை ஒட்டிக் குறைவது திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டிருக்கிறது. வெளிவாசல் அடைபட்டவருக்கு அதே 2 கிராமில் கணிசமான பங்கு ரத்தத்திலும் தசைநாணிலும் இதயத் தமனியிலும் போய்ச் சேரும். இந்த நோயில் சிறு வயதிலேயே மாரடைப்பு வந்து இறந்தவர்கள் உண்டு.

ஒரு பிரதி மட்டும் கெட்டவர்கள், அதாவது இந்தக் குழந்தையின் அம்மா அப்பா மாதிரி இருப்பவர்கள், நடுவில் நிற்கிறார்கள். அவர்களுடைய தாவர ஸ்டெரால் சற்று உயர்ந்திருக்கும், நோய் இருக்காது. அவர்களுக்கு இந்தச் செறிவூட்டிய உணவு ஏற்றதா? வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால் மற்றவர்களும் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. கொலஸ்ட்ராலைக் குறைக்க வேறு வழி எத்தனையோ இருக்கும்போது இதைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

பிப்ரவரி 18

“அப்படியானால் இந்தக் கடத்தியை மருந்தால் முடுக்கிவிட்டால் எல்லோருக்கும் கொலஸ்ட்ரால் குறையுமே?”

யோசனை நல்ல யோசனை. உடம்பே அப்படி ஒரு முடுக்கியை வைத்திருக்கிறது. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் கூடினால் அதிலிருந்து ஆக்ஸிஸ்டெரால்கள் உண்டாகும். எல்எக்ஸ்ஆர் என்ற ஏற்பி அவற்றைப் பிடித்துக்கொண்டு ஏபிசிஜி5, ஏபிசிஜி8 இரண்டு மரபணுவையும் அதிகம் வேலை செய்ய வைக்கும். கூடினால் தள்ளு, குறைந்தால் நிறுத்து. எலிகளில் இந்த ஜோடியை அளவுக்கு மேல் வெளிப்படுத்தியபோது பித்தநீரில் கொலஸ்ட்ரால் ஏறியது, குடலில் உறிஞ்சல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2002இல் வந்த ஆய்வு அது.

சிக்கல் என்னவென்றால் எல்எக்ஸ்ஆரை மருந்தால் தூண்டினால் அது கல்லீரலில் கொழுப்பு தயாரிக்கும் பாதையையும் சேர்த்தே தூண்டிவிடும். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறும், கல்லீரலில் கொழுப்பு படியும். அந்த வழி மருந்தாக இன்னும் தேறவில்லை.

இன்னொரு சிக்கல் பித்தப்பை. வெளியே தள்ளுவது பித்தநீருக்குள்தான். அங்கே கொலஸ்ட்ரால் அளவு மீறினால் படிகமாகும், கல்லாகும். ஏபிசிஜி8இல் 19ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின் வரும் ஒரு மாற்றம் மனிதர்களிடம் இருக்கிறது. அதைச் சுமப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2007இல் ஜெர்மனி, சிலி மக்களிடம் செய்த ஆய்வு காட்டியது. அதே ஆட்களுக்கு ரத்தத்தில் கொலஸ்ட்ராலும் தாவர ஸ்டெராலும் சற்றுக் குறைவாகவே இருக்கும். கடத்தி சுறுசுறுப்பாக இருப்பதால் தமனிக்கு லாபம், பித்தப்பைக்கு நஷ்டம்.

இன்சுலின் சரியாக வேலை செய்யாத எலிகளின் கல்லீரலில் இந்த ஜோடி தானாகவே கூடுகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். சர்க்கரை நோயும் பித்தப்பைக் கல்லும் ஏன் இவ்வளவு அடிக்கடி ஒன்றாக வருகின்றன என்பதற்கு அது ஒரு விளக்கம்.

பிப்ரவரி 19

ஏபிசிஏ1 இதுதானா என்று ஒருவர். இல்லை, அதே குடும்பத்தின் வேறு ஆள். ஏபிசிஏ1 செல்லிலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்து எச்டிஎல்லின் (“நல்ல கொலஸ்ட்ரால்” என்று சொல்லும் துகளின்) புரதத்திடம் கொடுக்கிறது. அது கெட்டால் டான்ஜியர் நோய்: எச்டிஎல் ஏறக்குறைய இல்லாமல் போகும், தொண்டைச் சதைகள் ஆரஞ்சு நிறமாகும். 1999இல் மரபணு பிடிபட்டது. அது ரத்தத்துக்குள் கொடுக்கிறது, நாம் பேசும் ஜோடி உடம்பை விட்டே வெளியே அனுப்புகிறது. எல்எக்ஸ்ஆர் இரண்டையும் தூண்டும்.

பிப்ரவரி 23

ரிசல்ட் வந்துவிட்டதாகக் கேட்டவர் எழுதியிருக்கிறார். சிட்டோஸ்டெரால் 21, கேம்பெஸ்டெரால் 13. சந்தேகத்துக்கு இடமில்லை. மரபணுப் பரிசோதனைக்கும் அனுப்பியிருக்கிறார்கள். ஸ்டேட்டின் பேச்சு நின்றுவிட்டது.

அது ஏன் நின்றது என்று தங்கைக்குப் புரியும்படி: ஸ்டேட்டின் செய்வது உடம்பில் கொலஸ்ட்ரால் தயாராவதைத் தடுப்பது. இந்த நோயில் தயாரிப்பு ஏற்கெனவே வெகுவாகக் குறைந்துபோயிருக்கும். ஸ்டிக்மாஸ்டெரால் மாதிரியானவை அந்தத் தயாரிப்பின் கட்டுப்பாட்டிலேயே கை வைக்கின்றன என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். குறைந்துபோன ஒன்றை மேலும் தடுத்து என்ன கிடைக்கும்? பலன் சொற்பம்.

உதவுவது உள்வாசலைக் குறுக்குவது. எஸெடிமைப் என்பிசி1எல்1 மேல் வேலை செய்கிறது. இந்த மருந்து 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அது எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்றே தெரியாது. என்பிசி1எல்1 கண்டுபிடிப்பு 2004இல்தான் வந்தது. சிட்டோஸ்டெரோலீமியா நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் எட்டு வாரத்தில் சிட்டோஸ்டெரால் 21 சதவீதம் குறைந்தது. நாள் போகப் போக இன்னும் இறங்கும், ஏனென்றால் திசுக்களில் படிந்தது மெதுவாகத்தான் வெளியே வரும். பித்த அமிலத்தைப் பிடித்துவைக்கும் கொலஸ்டிரமைனும் பயன்படும். இவ்வளவு சிறிய குழந்தைக்கு எந்த மருந்து, எப்போது என்பதை இழையில் யாரும் தீர்மானிக்க வேண்டாம், நான் உட்பட.

பிப்ரவரி 24

உணவைப் பற்றி நேற்று எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான். இது கொஞ்சம் கடினமான பேச்சு.

தாவர உணவை நல்லதென்று நம்பி வாழும் குடும்பத்திடம், உங்கள் குழந்தைக்கு மட்டும் தாவரக் கொழுப்புதான் பிரச்சினை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. தாவர எண்ணெய்கள், கொட்டைகள், விதைகள், அவகாடோ, முளைக்கருவோடு இருக்கும் முழுத்தானியம், சாக்லேட், எல்லாவற்றிலும் ஸ்டெரால் அதிகம். தீட்டிய தானியத்தில் குறைவு. பொதுவாக நல்லதென்று சொல்லப்படும் பல உணவு இவனுக்குத் தலைகீழ். அதற்காக மாமிசத்துக்கு மாறினால் சரியாகிவிடும் என்றும் இல்லை, கொலஸ்ட்ராலையும் இவன் உடம்பு சரியாக வெளியேற்றாது. மட்டி, சிப்பி வகைகளில் பாசியிலிருந்து வந்த ஸ்டெரால்கள் இருக்கும், அதுவும் சேரும். காய்களும் பெரும்பாலான பழங்களும் பயமில்லை, அவற்றில் எண்ணெய் சொற்பம்.

எண்ணெயை முற்றிலும் நிறுத்தக் கூடாது. வளரும் மூளைக்குக் கொழுப்பு வேண்டும், அவசியமான கொழுப்பு அமிலங்கள் வேண்டும், கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் வேண்டும். தாவர ஸ்டெராலைச் சுழியமாக்குவது நோக்கமும் இல்லை, முடிகிற காரியமும் இல்லை. குறைப்பதுதான் நோக்கம். குழந்தையின் எடை, உயரம் எழுதும் அட்டையை ஸ்டெரால் ரிப்போர்ட்டுக்குச் சமமாக மதியுங்கள். எண் அழகாக இறங்கி, குழந்தை வளராமல் நின்றுபோனால் அது வெற்றி ஆகாது.

மார்ச் 30

கேட்டவரின் செய்தி: பால் படிப்படியாகக் குறைத்து, உணவு நிபுணர் சொன்னபடி மாற்றியதில் மொத்தக் கொலஸ்ட்ரால் 214. மருந்து இன்னும் தொடங்கவில்லை. மரபணு ரிப்போர்ட்டில் ஏபிசிஜி5இல் இரண்டு மாற்றங்கள், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று.

மகிழ்ச்சியான செய்திதான், மனதார மகிழ்கிறேன். ஆனால் 214ஐப் பார்த்து “சரியாகிவிட்டது” என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை. கொலஸ்ட்ரால் சீக்கிரம் இறங்கும், தாவர ஸ்டெரால் அப்படி இறங்காது. உணவால் மட்டும் அது இயல்புக்கு வருவது அரிது. இனி இவனுக்கு மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் சிட்டோஸ்டெரால் அளக்க வேண்டும். தட்டணுவும் பார்க்க வேண்டும். பெரியவனானபின் இதயத் தமனிகளையும் கவனிக்க வேண்டும்.

மார்ச் 31

அவனுக்கு ஆறு வயது அக்கா இருக்கிறாள், அவளுக்குக் கொலஸ்ட்ரால் 175, பார்க்க வேண்டுமா என்று கேட்கிறார்.

கட்டாயம். பெற்றோர் இருவரிடமும் ஒரு கெட்ட பிரதி இருக்கிறது. அவளுக்கும் இரண்டும் வந்திருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 175 என்ற எண் அதை மறுக்காது; 1974இன் அந்தச் சகோதரிகளுக்கும் கொலஸ்ட்ரால் இயல்புதான். தம்பியின் மாற்றங்கள் தெரிந்துவிட்டதால் மரபணுவில் அந்த இரண்டு இடத்தை மட்டும் பார்த்தாலே போதும், செலவும் குறையும். அதோடு தாவர ஸ்டெராலும் ஒருமுறை அளந்துவிடுங்கள். எங்களைப் போன்ற கூடங்களுக்கு அனுப்பும்போது சீட்டில் “தம்பிக்கு சிட்டோஸ்டெரோலீமியா உறுதி” என்று எழுதச் சொல்லுங்கள். கருவியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஒரு வரி தெரிந்திருந்தால் கடைசி உச்சியை விட்டுவிட மாட்டார்.